"நாமே பாத்துக்கலாம் மாமா!"



'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி பழைய கார் வைத்திருப்பவர்களுக்காகவே பிறந்தது போலும்! லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டால், பில் தொகை வண்டியின் விலையையே எட்டிப் பிடிக்கிறது. அதனால்தான் நம் ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் தெருவுக்கு ஒரு 'கைவைத்தியர்' இருக்கிறார். அந்த வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! "நம்ம பய மெக்கானிக்கல்லா படிக்கான்" என்று ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்துவிடுவான்.

அப்படிப் படுத்தவர்களில் அடியேனும் ஒருவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சொந்தமாக ரிப்பேர் பார்ப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1957-இல் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், இன்றும் ஆங்காங்கே ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் யார்? மரத்தடி மெக்கானிக்குகளும், பானட்டைத் திறக்கப் பயப்படாத சொந்தக்காரர்களும்தான்! கியூபா நாட்டைப் பாருங்கள். 1962-இல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்ட பிறகு, 1950-களின் அமெரிக்கக் கார்களுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. அந்த மக்கள் வேறு வண்டியின் டீசல் எஞ்சினைத் தூக்கி மாட்டி, கையாலேயே பாகங்களைச் செய்து, அவற்றை இன்றுவரை ஓட்டிக் காட்டுகிறார்கள். இதைக் கேவலம் என்று யாரால் சொல்ல முடியும்?

நம் ஊர் கைவைத்தியங்களும் லேசுப்பட்டவை அல்ல. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள். பெட்ரோல் டேங்க் கசிந்தால் சோப்பைத் தேய்த்து அடைப்பது. ஹோஸ் வெடித்தால் சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டுவது. நடுரோட்டில் நிற்கும்போது வீடு வந்து சேர இவையெல்லாம் உதவும். ஆனால், வீடு வந்து சேர்ந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? "இப்பதான் ஒழுகலையே, கெடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த மஞ்சள் தூள் ஓட்டையை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டரின் சின்னக் குழாய்களிலும் போய்ப் படியும். அப்புறம் எஞ்சின் சூடாகிறது. உடனே "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறோம். இப்போது எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகிறது, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, தேய்மானமும் கூடுகிறது. ஒரு குறுக்கு வழி இன்னொரு குறுக்கு வழியைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது!

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். என் கதை வேறு.

எங்கள் மாமாவிடம் ஒரு டீசல் அம்பாசடர் இருக்கிறது. மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. போன குற்றாலம் சீசனில் குடும்பத்தோடு ஆரியங்காவு கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று நாளைக்கு முன்னால் நான் வண்டியைச் சோதித்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. "கடைக்குப் போய் வாங்கிட்டு வாலே" என்றார் மாமா. "எதுக்கு மாமா? நாமே பாத்துக்கலாம்" என்றேன். டிராக்டர் ஷெட்டில் ஒரு கேனில் ஹைட்ராலிக் ஆயில் மிச்சம் கிடந்தது. ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஹைட்ராலிக் ஆயில்! அடைபட்ட திரவம் எதுவானாலும் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் என்பது பாஸ்கல் விதி அல்லவா? அதில் நல்ல மார்க் வாங்கியவன் நான்! ஊற்றி, மூடியைத் திருகிவிட்டேன்.

புளியரை தாண்டி மலை ஏறும்போதே, "வண்டி இழுக்க மாட்டேங்குதே" என்றார் மாமா. "ஏத்தம்லா மாமா, வண்டிக்கும் வயசாச்சு" என்று நான் விளக்கம் சொன்னேன். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி இறங்கும்போது கருகல் வாடை வந்தது. எஸ் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பின்சீட்டில் அத்தை, ஆச்சி, இரண்டு பிள்ளைகள். எதிரே லோடு லாரி. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலைப் பக்கச் சரிவில் உரசி வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கை நடுங்கி இரண்டு தடவை கல்லைக் கீழே போட்டேன்.

செங்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் கப், ஊறிய பணியாரம் மாதிரி உப்பிக் கிடந்தது. "ஏ தம்பி, என்னத்த ஊத்துன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நடந்தது இதுதான். நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்கிறோமே தவிர, அது ஆயிலே அல்ல! டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருப்பது கிளைகால் வகைத் திரவம். அந்த வகைக்கு ஏற்ற ரப்பர்தான் உள்ளே இருக்கிறது. கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். உப்பிய கப், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துவாரத்தை அடைத்துவிடும். காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடாது. லைனர் உரசி உரசிச் சூடேறும். அந்தச் சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியது. அதனால் பெடல் தரைக்குப் போகும். பாஸ்கல் விதி சரிதான். ரப்பரைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை!

இன்னொன்றும் கேளுங்கள். புது டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எடையில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில், அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆகவே பல வருடம் மாற்றாத சரியான திரவமும் மலை இறக்கத்தில் காலை வாரிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மட்டம் ஏன் இறங்கியது என்று நான் பார்த்திருக்க வேண்டும். எங்கோ கசிவு இருக்கலாம், லைனர் தேய்ந்திருக்கலாம். ஊற்றி நிரப்பியதும் பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

"காசு இருந்தா நாங்க ஏன் பழைய வண்டி ஓட்டுதோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காசு இல்லாதவனுக்குச் சிக்கனம் தவிர வேறு வழி இல்லைதான். ஆனால் எதில் சிக்கனம்? வண்டியை ஓட வைக்கிற பாகம் கெட்டால் வண்டி நின்றுவிடும். நமக்கு அலைச்சல், அவ்வளவுதான். வண்டியை நிற்க வைக்கிற, திருப்புகிற பாகம் கெட்டால் வண்டி நிற்காது! பிரேக், ஸ்டியரிங், டயர் இந்த மூன்றிலும் 'தற்காலிகம்' என்ற பேச்சே கூடாது. பெயின்ட் உரியட்டும், சீட் கிழியட்டும், ஏ.சி. ஓடாவிட்டால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். மிச்சப்படுத்துவதை அங்கே மிச்சப்படுத்துங்கள். ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றாதீர்கள்; கூடுதல் கரண்டில் தான் எரிந்து வயரைக் காப்பாற்றுவதற்காகவே ஃப்யூஸ் இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள். அந்தக் கல் முன்னறிவிப்பு கொடுக்காமல் நொறுங்கும்.

வருங்கால டிப்ளமோ பொறியாளர்களே! நம் வீட்டார் நம்மை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறார்கள். பின்சீட்டில் இருந்த ஆச்சிக்குப் பாஸ்கல் யார் என்று தெரியாது. பேரன் பார்த்த வண்டி என்பது மட்டும் தெரியும். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்குத் தெரியாது, கேட்டுட்டு வாரேன்." வைவாவில் அதைச் சொன்னால் மார்க் போகும். வண்டிக்குக் கீழே சொன்னால் உயிர் மிஞ்சும்.

அன்று சாயங்காலம் மாமா என்னைத் திட்டவில்லை. ரப்பர் கிட், ஹோஸ் எல்லாம் மாற்றியதற்கான பில்லை என் கையில் கொடுத்து, "ரெக்கார்டு நோட்டுல ஒட்டி வையிலே" என்றார்.

ஒட்டி வைத்திருக்கிறேன்.

— ஓர் இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்