சைலன்சரை அறுக்காதீங்க சாமி!

போன மாசம் கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சி, நீ எந்தக் கடையில சைலன்சரை அறுத்த? அட்ரஸ் குடு." அறுத்ததைத் திருப்பி மாட்டிட்டேன்டான்னு சொன்னதும், நான் ஏதோ காவி கட்டிட்ட மாதிரி பேச ஆரம்பிச்சுட்டான். அவனுக்குப் போன்ல சொல்லி மாளலை. அதான் இங்கே. படிச்சுட்டு யாரும் ஆட்டோ அனுப்பாதீங்க.

முதல்ல நம்ம வண்டி. மிட்சுபிஷி சீடியா, 2009 மாடல், நான் மூணாவது ஓனர். இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா போர்ஷே வெச்சிருக்கிறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ரெண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, நம்ம நாட்டு ராலிகள்ல வருஷக்கணக்கா புழுதி கிளப்பின வண்டி. எல்லாத்துக்கும் மேல இது எங்க மாவட்டத்துப் புள்ளை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலையில லான்சரைக் கட்ட ஆரம்பிச்சாங்க, 2006-ல சீடியா வந்துச்சு. இப்ப அந்த வண்டியும் வர்றதில்லை. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யைப் புதுப்பிக்க நான் அலைஞ்ச கதை தனிப் பதிவு. அதை விடுங்க.

வாங்கின புதுசுல ஒரே குறை, சத்தம் பத்தலை. எல்லாரும் சொன்ன வழியில போனேன். சென்னையில ஒரு கடை (பேர் வேணாம்), பின்னாடி இருந்த சைலன்சரை அறுத்து எறிஞ்சுட்டு நேர் பைப் போட்டுக் குடுத்தாங்க. "ஃபெராரி மாதிரி வரும் சார்." வந்துச்சு. ஃபெராரி மாதிரி இல்லை, ரைஸ் மில் மாதிரி.

ஏன்னு அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன் (இன்ஜினியரிங் படிச்சதுக்கு அன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்). நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். நாலு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி. 3000 ஆர்.பி.எம்.ல வினாடிக்கு 100 வெடி, அதாவது 100 ஹெர்ட்ஸ். ஹைவேல நாம ஓட்டுறதே அந்தச் சுத்துலதான். கார் கேபின் ஒரு மூடின டப்பா, அந்த மாதிரி அடித்தொனி அதுக்குள்ள மாட்டுச்சுன்னா ம்ம்ம்ம்னு மண்டையைப் பிடிச்சு உலுக்கும். கும்மிடிப்பூண்டியில கிளம்பி காரனோடை பாலம் வர்றதுக்குள்ள தலைவலி மாத்திரை தேட வேண்டியதாப் போச்சு. அமெரிக்க வி8 கடகடன்னு உறுமுதுன்னா, அதோட கிராங்க் அமைப்பால ஒவ்வொரு பக்கத்து நாலு சிலிண்டரும் ஒழுங்கில்லாத இடைவெளியில வெடிக்குது, அதனால. பழைய சுபாரு குடகுடங்குறது எக்சாஸ்ட் குழாய்கள் ஒண்ணுக்கொண்ணு நீளம் வேறயா இருக்கறதால. புல்லட் டுக்டுக்குங்குதுன்னா அது ஒத்தை சிலிண்டர், ஐடிலிங்ல வினாடிக்கு எட்டு வெடிதான், தனித்தனியாவே காதுல விழும். சத்தத்தோட குணம் இன்ஜின்லயே எழுதியிருக்கு. பின்னாடி டப்பாவை அறுத்தா வால்யூம்தான் ஏறும், ராகம் மாறாது.

நிற்க. தலைவலி என்னோடது, அதை நான் தாங்கிக்குவேன். கதை அதில்லை.

எதிர்வீட்டு அண்ணன் சிப்காட்ல ஒரு இரும்பு ரோலிங் மில்லுல வேலை. நைட் ஷிப்ட் முடிச்சு காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. வார நாள்ல நான் ரயில்ல போயிடுவேன். சனிக்கிழமை எட்டு மணிக்குத்தான் வண்டியை வெளியே எடுப்பேன். மூணாவது சனிக்கிழமை அக்கா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. சண்டைக்கு வரலை. "தம்பி, கொஞ்சம் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுறியா? உங்க அண்ணன் இப்பத்தான் படுத்தாரு. ராவெல்லாம் மில்லு சத்தம், இங்க வந்தா இது. தூங்காமப் போனா மெஷின் கிட்ட நிக்கிற ஆளு..." அதுக்கு மேல அவங்க சொல்லலை. சுடச்சுட கம்பி ஓடுற இடத்துல தூக்கக் கலக்கத்தோட நிக்கிறது என்னன்னு எங்க ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்னிக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கூசாம சட்டம் பேசினேன். "பகல்தானேக்கா, ராத்திரியா?" ஒலி மாசு விதிகள் 2000-ஐப் பாருங்க. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரின்னா பத்து மணியிலேர்ந்து காலை ஆறு வரைக்கும். எழுதினவங்க யாரும் ஷிப்ட் பாத்திருக்க மாட்டாங்க போல. கும்மிடிப்பூண்டியில பாதித் தெருவுக்கு ராத்திரி ஆரம்பிக்கிறதே காலை ஏழுக்குத்தான். அந்தத் தூக்கத்துக்கு எந்த விதியிலயும் இடமில்லை. அதனால நம்மள மாதிரி ஆளுங்க சட்டத்தைக் காட்டித் தப்பிச்சுக்கறோம்.

அதுலயும் முழுசாத் தப்பிக்க முடியாதுங்கறது வேற விஷயம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 190(2)-ன்படி, ஒலி விதியை மீறின வண்டியை ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசென்சுக்கும் வேட்டு. ஆனா போலீஸ் ரோடு ரோலரை ஏத்தி சைலன்சரை நசுக்கிப் படம் எடுத்துப் போடுறாங்களே, அதைப் பாத்து யாராவது திருந்தினாங்களா? விக்கிற கடை அடுத்த நாள் காலையிலயும் திறந்துதான் இருக்கு.

"சத்தம் இருந்தாத்தான் சேஃப்டி, லாரிக்காரன் ஒதுங்குவான்"னு ஒரு கோஷ்டி சொல்லும். யோவ், பைப் பின்னாடி பாத்து இருக்குய்யா. நீ போய் மோதப்போற லாரி முன்னாடி இருக்கு, அவன் கண்ணாடியை ஏத்திட்டு பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கான். உன் சத்தம் முழுசாப் போய்ச் சேருறது நீ கடந்து போன தெருவுக்குத்தான்.

சரி, சத்தமே வேணாமா? வேணும்ங்க! நான் ஒண்ணும் திருந்திடலை. என் வாதம் ஒண்ணே ஒண்ணு: காசு போட்டவன் காதுக்குச் சத்தம் வரட்டும், எதிர்வீட்டுக்கு ஏன் போகணும்? கார் கம்பெனிக்காரங்களே இதைத்தான் செய்யறாங்க. டொயோட்டா 86-ல இன்ஜின் காத்து உறிஞ்சுற பாதையிலேர்ந்து ஒரு குழாய் கேபினுக்கு வரும், நடுவுல ஒரு சவ்வு. காத்து வராது, சத்தம் மட்டும் வரும். போர்ஷேவும் இதே வேலையைப் பண்ணுது. பி.எம்.டபிள்யூ 2011-ல வந்த எம்5-ல ஸ்பீக்கர்லயே இன்ஜின் சத்தத்தைப் போட்டான், அது கொஞ்சம் அழுகுணி ஆட்டம்.

நானும் அதையே லோக்கலா செஞ்சேன். பழைய கம்பெனி சைலன்சரை உடைச்ச வண்டியிலேர்ந்து தேடிப் பிடிச்சு மாட்டினேன் (அறுத்த காசை விட மாட்டின காசு ஜாஸ்தி, அவ்வ்வ்). ஏர் ஃபில்டர் பெட்டி மூடியில ஒரு ஓட்டை, அதுல சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துக் கட்டி, ஒரு ரப்பர் ஹோஸை கேபின் தடுப்பு வரைக்கும் கொண்டுவந்தேன். காத்தை அளக்குற சென்சாருக்குப் பின்னாடி மட்டும் ஓட்டை போட்டுடாதீங்க. ரப்பர் கிழிஞ்ச அன்னிக்குக் கணக்குல வராத காத்து உள்ள போய் ஐடிலிங் தையாதக்கான்னு ஆடும். அப்புறம் நாலு கதவுக்குள்ளயும் பியூட்டைல் ஷீட் ஒட்டினேன். டயர் சத்தம் அடங்கினா இன்ஜின் தானாக் கேக்கும், இதை யாருமே சொல்றதில்லை. இது ரெண்டுக்கும் ஆனது நேர் பைப்புக்கு நான் குடுத்ததை விடக் கம்மி. ஆக்சிலேட்டரை மிதிச்சா உள்ள க்ர்ர்ர்ர்ருனு ஒரு உறுமல், வெளிய நிக்கிறவனுக்கு சாதா சீடியா.

போன ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு லீவு. ஒரு ரவுண்டு வாங்கண்ணேன்னு வம்பா இழுத்துட்டுப் போனேன். ஹைவே ஏறி ரெண்டாவது கியர்ல 5000 வரைக்கும் இழுத்துக் காட்டிட்டுப் பெருமையா அவர் மூஞ்சியைப் பாத்தேன். ஹோஸ் வர்ற பக்கமா காதைச் சாய்ச்சுக் கொஞ்ச நேரம் கேட்டாரு.

"இன்னா தம்பி, எங்க மில்லு பிளோயர் மாதிரியே கீது?"