கடல் கடந்த தாய் வீடு



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது ஒரு தம்பதியினர் எனக்காகக் காத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். மூத்தவளுக்கு 6 வயது, அடுத்தவனுக்கு 4, மடியிலிருந்த குழந்தைக்கு 14 மாதம். அந்தச் சகோதரி பறங்கியர் குடும்பமொன்றிலே பிறந்து, பல வருடங்களுக்கு முன் இஸ்லாத்தை ஏற்று, நம்மவர் ஒருவரை மணந்து வாழ்பவர். தொழுகையும் நோன்பும் பேணுதலான குடும்பம்.

அவருடைய தாயார் மெல்பேர்ன் நகரில் மகனோடு இருக்கிறார். வயது 74. கடைக்குட்டியை இன்னும் கண்ணால் காணவில்லை. "இந்த நத்தாருக்காவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா" என்று கேட்டிருக்கிறார். மகன் டிக்கட்டுக்குப் பணமும் அனுப்பத் தயார்.

"ஹஸரத், நான் போறது பாவமா?" என்று கேட்டார் அந்தச் சகோதரி. கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய குடும்பத்தார் போகக்கூடாது என்கிறார்களாம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன், அரபுக் கல்லூரியை விட்டு வெளியேறிய புதிதில், இதே கேள்வியோடு வேறொரு சகோதரி வந்தார். நான் ஒரே வார்த்தையில் "கூடாது" என்றேன். அவர் போகவில்லை. அடுத்த வருடம் தை மாதத்தில் அவருடைய தாயார் இறந்துபோன செய்தி வந்தது. அந்தச் சகோதரி என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் என்னால் மறக்க முடியவில்லை. பண்டிகையைப் பற்றி மட்டும் யோசித்தேன். தாயைப் பற்றி யோசிக்கவில்லை.

சகோதரிகளே, இங்கே இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று மற்றவர்களுடைய வணக்கம். மற்றது உங்களைப் பெற்றவள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை சங்கடமும்.

அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காதவர். ஹுதைபிய்யா உடன்படிக்கைக் காலத்திலே அவர் மகளைத் தேடி மதீனா வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அஸ்மா (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணும்படியே நபியவர்கள் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு. லுக்மான் அத்தியாயத்தின் 15ஆம் வசனமும் இதையே கற்பிக்கிறது. இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் அதிலே அவர்களுக்குக் கட்டுப்படக்கூடாது. ஆனால் இவ்வுலக வாழ்விலே அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும். மறுப்பதும் அணைப்பதும் ஒரே வசனத்திலே இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அவரிடம் சொன்னேன்: "மகள், கணவரோடும் பிள்ளைகளோடும் போங்கள். உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்ற நிய்யத்தோடு போங்கள்."

இப்படிப் பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்நாட்டில் வெள்ளையருக்கே முதலிடம் என்ற கொள்கை இருந்த காலம் அது. ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டித்தான் உள்ளே போக முடிந்தது. 1973இல் அக்கொள்கை முற்றாகக் கைவிடப்பட்ட பின் மற்றவர்களும் போனார்கள். அவர்களில் மிகப் பலர் குடியேறிய நகரம் மெல்பேர்ன். கொழும்பிலிருந்து 8,000 கிலோமீற்றருக்கு மேல். நேரே பறந்தாலும் சுமார் பத்தரை மணி நேரம்.

போவதென்று முடிவானால், முதல் வேலை பெட்டி கட்டுவதல்ல, தாயாரோடு பேசுவது. அங்கே போய், எல்லோரும் மேசையில் அமர்ந்திருக்கும்போது "இது ஹராம், அது ஹராம்" என்று தொடங்கினால் அவர் முகம் வாடிவிடும். முன்கூட்டியே தொலைபேசியில் அன்பாகச் சொல்லுங்கள்: "உங்களோடு இருக்கத்தான் வருகிறோம். தேவாலய ஆராதனைக்கு வரமாட்டோம். பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்ததைச் சாப்பிட மாட்டோம். தொழுவதற்கு ஒரு சின்ன இடம் வேண்டும்." இந்த மூன்றும் போதும். பெரும்பாலான தாய்மார் இதைக் கேட்டுக் கோபிப்பதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவர்களை வருத்துகிறது.

இனிப் பயணம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோரின் மடியிலே போகலாம். இரண்டு வயது நிறைந்தால் தனி ஆசனம் வேண்டும். குழந்தைக்கென்றாலும் தனிக் கடவுச்சீட்டும் வீசாவும் அவசியம். டிக்கட் எடுக்கும்போதே குழந்தைத் தொட்டில் பொருத்தும் முன்வரிசை ஆசனத்தையும் முஸ்லிம் உணவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறிய பின் கேட்டால் கிடைக்காது.

விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பிள்ளைகளுக்குக் காது அடைத்து வலிக்கும். அந்த நேரம் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு உறிஞ்சிக் குடிக்கவோ மெல்லவோ ஏதாவது கொடுங்கள். விழுங்கும்போது காது திறக்கும். இறங்கும்போது குழந்தை தூங்கினால், விழுந்து விழுந்து அழுமுன் மெல்ல எழுப்பிவிடுவது நல்லது. பிள்ளை தூங்கட்டும் என்று தடிமன் மருந்தையோ ஒவ்வாமை மருந்தையோ கொடுப்பவர்கள் உண்டு. டொக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு அது ஆபத்தாகலாம். கைப்பையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாற்றுடுப்பு, உங்களுக்கும் ஒன்று இருக்கட்டும். பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது உம்மாவின் உடுப்பும்தான்.

மெல்பேர்ன் விமான நிலையத்திலே உணவுப் பொருட்கள் விடயத்தில் மிகக் கண்டிப்பு. கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், இறைச்சி வகைகளை இங்கேயே விட்டுவிடுங்கள். தூள் வகை, பலகாரம் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் குறிப்பிடுங்கள். குறிப்பிட்ட பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் தண்டம் இல்லை. மறைத்தால் பெருந்தொகைத் தண்டம். மறைப்பது பொய், பொய் முஃமினுக்கு அழகுமல்ல.

அங்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போக முடியாது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி இருக்கை பொருத்த வேண்டுமென்பது சட்டம். மூன்று பிள்ளைகளென்றால் மூன்று இருக்கை. உறவினரிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

டிசம்பர் என்றதும் பனி கொட்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். அங்கே அது கோடை காலம். சில நாட்களில் வெப்பம் 40 பாகை வரை போகும். வெயில் தோலைச் சுட்டுவிடும். தொப்பியும் நீண்ட கை உடுப்பும் அவசியம். அந்த வகையில் நமது உடை அங்கே வசதிதான்.

தொழுகையைப் பற்றி. இரவு விமானமென்றால் மஃரிபையும் இஷாவையும் தரையிலேயே தொழுதுவிடுங்கள். கிழக்கு நோக்கிப் பறப்பதால் ஸுபஹ் சீக்கிரமே வந்துவிடும். கொழும்பு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிப்போகும். ஜன்னலால் வானத்தைப் பாருங்கள். பணியாளரிடம் கேட்டு, நிற்கக்கூடிய இடத்தில் நின்று தொழுங்கள். முடியாமல் ஆசனத்திலேயே தொழுதால், இறங்கிய பின் அதைத் திரும்பத் தொழுவது பேணுதல். பயணத்தில் ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கலாம். ஆனால் போய் இறங்கும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத்திருந்தால், நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, அங்கே சேர்ந்ததிலிருந்து முழுமையாகத் தொழ வேண்டும். கிப்லா ஏறத்தாழ மேற்குத் திசை.

நத்தார் காலத்தில் மெல்பேர்னில் மஃரிப் இரவு எட்டே முக்கால் மணியளவில். இஷா பத்தரையை அண்டிவிடும். ஸுபஹ் அதிகாலை நான்கு மணியளவில். பிள்ளைகளைச் சூரியன் மறையுமுன் தூங்க வைக்கப் பழக்கினால் உங்களுக்கும் தொழுகைக்கு அமைதி கிடைக்கும். நத்தாருக்கு முந்திய இரவு அங்குள்ளவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். 1938 முதல் அந்நகரில் நடந்துவரும் வழக்கம். அது உங்கள் பிள்ளைகள் தூங்கும் நேரம். யார் மனமும் நோகாமல் அறைக்குள் போய்விடலாம்.

உணவு விடயம். நத்தார் கேக்கில் பிராந்தி சேர்ப்பது வழக்கம். லவ் கேக்கில் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரூடர் என்பது மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த பணிஸ் போன்றது. சேர்மானத்தைக் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். கோபர்க், டண்டினோங் போன்ற பகுதிகளில் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. ஒரு நாள் சமையலை நீங்கள் பொறுப்பெடுங்கள். எல்லோருக்கும் நம் வீட்டுப் புரியாணி ஆக்கிக் கொடுங்கள். மறுக்கிற மகளாக மட்டும் தாயார் உங்களை நினைக்கக்கூடாது, கொடுக்கிற மகளாகவும் நினைக்க வேண்டும்.

அன்பளிப்பு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐலா நகரத்து மன்னர் அனுப்பிய வெள்ளைக் கோவேறு கழுதையை நபி (ஸல்) அவர்கள் ஏற்று, பதிலுக்கு ஒரு மேலாடையும் அளித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் தமக்குக் கிடைத்த பட்டாடையை மக்காவிலிருந்த, இஸ்லாத்தை ஏற்காத சகோதரருக்கு அனுப்பினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. பேரப்பிள்ளைக்குப் பாட்டி கொடுக்கும் பொம்மையை முகம் சுளித்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்களும் வெறுங்கையோடு போகாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பிள்ளைகளின் மனம். பாலன் குடிலையும் நத்தார் தாத்தாவையும் கண்டால் கேட்காமல் விடமாட்டார்கள். அந்தப் பத்தரை மணி நேரத்தில் மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லுங்கள். தன்னந்தனியாகப் பேரீச்ச மரத்தடியில் அவர் பட்ட வேதனை, காலடியில் ஓடிய நீரூற்று, தொட்டிலிலே பேசிய ஈஸா (அலை). நமது குர்ஆனில் ஓர் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. அபிசீனியாவுக்குப் போன முஸ்லிம்கள் கிறிஸ்தவ அரசர் நஜாஷியின் முன்னே நின்றபோது, ஜஃபர் (ரழி) அவர்கள் ஓதிக் காட்டியது அந்த அத்தியாயத்திலிருந்துதான். "ஈஸா நபியை நாங்களும் நேசிக்கிறோம். அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர். நாங்கள் வணங்குவது அல்லாஹ்வை மட்டும்." ஆறு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லத் தயங்குவதைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்காதீர்கள். "கிரானி நரகத்துக்குப் போவாங்களா?" என்று ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசையில் கேட்டால், அந்தக் கேள்வி வீட்டிலே யாரோ பேசியதிலிருந்து வந்ததுதான். மார்க்கத்தை வெறுப்போடு சேர்த்துக் கற்ற பிள்ளை, வளர்ந்த பின் இரண்டில் ஒன்றை உதறும்போது மற்றதையும் உதறிவிடலாம்.

இதை வாசிக்கும் மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மருமகள் கலிமாச் சொன்ன நாளிலே தாயில்லாதவளாகிவிடவில்லை. அவள் தன் தாயைப் பேணுவதைப் பார்த்து வளரும் பேரப்பிள்ளைகள்தான் நாளை உங்களையும் பேணப்போகிறார்கள்.

அந்தச் சகோதரியின் கணவர் சென்ற கிழமை கோல் எடுத்தார். டிக்கட் எடுத்தாகிவிட்டதாம். மனைவி தாயாரிடம் அந்த மூன்று விடயங்களையும் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளைகளுக்கு ஆக்கப் புதுச் சட்டி வாங்க வேண்டும். என்ன அளவில் வாங்கட்டும்?" என்று கேட்டாராம்.

அல்லாஹ் அவர்களுடைய பயணத்தை இலகுவாக்கி, ஈமானோடும் நலத்தோடும் வீடு திரும்பச் செய்வானாக. ஆமீன்.