கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்!

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் பேசும்போது மட்டும், "எத்தனை குழாய் கட்டுவீங்க?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்!

பேராவூரணிப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கேள்விதான். குழாய் அதிகம் என்றால் விழா பெரிது. சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டால் கமிட்டிக்குப் பெருமை. மேடையில் யார் வாசிக்கிறார், என்ன வாத்தியம் வாசிக்கிறார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

நாதஸ்வரமும் தவிலும் இதைத் தாங்கும். அவை திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. மைக் இல்லாமலே நாலு வீதிக்கும் கேட்கும். ஆனால் மெல்லிய குரல் கொண்ட வாத்தியங்கள் என்ன செய்யும்? வீணை என்ன செய்யும்? கோட்டு வாத்தியம் என்ன செய்யும்?

கோட்டு வாத்தியம் இன்று கிராம மேடைகளில் அபூர்வமாகிவிட்டது. அதற்குக் காரணங்கள் பல. கற்பது கடினம், கற்றுக் கொடுப்பவர்கள் குறைவு. ஆனால் நாம் நினைத்தால் நாளைக்கே சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அது ஒலிபெருக்கி!

தஞ்சைச் சீமையின் சொத்து

கோட்டு வாத்தியம் பார்வைக்கு வீணை மாதிரியே இருக்கும். பலா மரத்தில் குடைந்த குடம். நீண்ட தண்டி. ஆனால் வீணையில் இருக்கும் 24 மெட்டுகள் இதில் கிடையாது. தண்டி வழவழப்பாக இருக்கும். வலது கை விரல்கள் தந்தியை மீட்டும். இடது கை ஓர் உருளைக் கட்டையைத் தந்தியின் மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போகும். கருங்காலிக் கட்டையால் வாசிப்பவர்கள் உண்டு. கொம்பு, கண்ணாடி ஆகியவற்றால் வாசித்தவர்களும் உண்டு.

மெட்டு இல்லாததால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி தெரியாது. மனிதக் குரல் போலவே குழைந்து வரும். இதைச் சித்திர வீணை என்றும் சொல்கிறார்கள்.

இந்த வாத்தியத்தைப் புகழுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். சங்கீத மேதை செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் இவரிடம் பாடம் கேட்டவர். அடுத்து வந்தவர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி. சென்னைக் கலாக்ஷேத்திராவில் பல காலம் கற்றுக் கொடுத்தார். மன்னார்குடி சாவித்திரி அம்மாளும் இந்த வாத்தியத்தில் பெயர் பெற்றவர். திருவிடைமருதூர், பூதலூர், மன்னார்குடி! மூன்றும் காவிரித் தண்ணீர் பாயும் ஊர்கள்தான். நம் மண்ணின் வாத்தியம் நம் மேடையிலேயே கேட்காமல் போகலாமா?

ஹவாய்த் தீவிலே...

இதே வழுக்கும் வித்தை பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவிலும் உண்டு. ஜோசப் கேகுகு என்ற பையன், 1880-களில், கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் வழுக்கி வாசித்துப் பழகினான் என்று சொல்கிறார்கள். அதுதான் ஹவாயன் கிட்டார். பிறகு அது அமெரிக்கா முழுவதும் பரவியது.

அங்கும் முதலில் இதே தொல்லைதான். பெரிய மண்டபங்களில் கிட்டார் சத்தம் எடுபடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி மின்சாரக் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் மடியில் படுக்க வைத்து வாசிக்கும் கிட்டார்தான். வடிவத்தைப் பார்த்து அதற்குத் "தோசைக்கல்" என்று பொருள்படும் செல்லப் பெயர் வைத்தார்கள்! ஆக, மின்சாரக் கிட்டார் பிறந்ததே இந்த வழுக்கு வாத்தியக்காரர்களுக்காகத்தான் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு வந்தது பெடல் ஸ்டீல் கிட்டார். தையல் மிஷின் மாதிரி நாலு காலில் நிற்கும். பொதுவாகப் பத்துத் தந்திகள். காலால் மிதிக்கப் பெடல்கள். முழங்காலால் தள்ள நெம்புகோல்கள். மிதித்தால் குறிப்பிட்ட தந்தி மட்டும் இழுபட்டு ஸ்வரம் ஏறும். மற்றத் தந்திகள் அப்படியே நிற்கும். 1954-ல் வெளியான ஓர் அமெரிக்க இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் இப்படி வாசித்தார். அதைக் கேட்ட வாத்தியக்காரர்கள் எல்லாம் தங்கள் கிட்டார்களுக்குப் பெடல் பூட்டத் தொடங்கினார்கள்.

நமக்கு எது ஏற்றது?

இன்று இளைஞர்கள் பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கேட்கிறார்கள். ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறல்ல. ஆனால் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும்.

பெடல் எதற்காக வந்தது? பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, அந்தக் கூட்டை மாற்றிக்கொண்டே போவதற்காக வந்தது. அது மேல்நாட்டு இசையின் தேவை. நம் இசையில் சுருதி மாறாமல் நிற்கிறது. அதன் மேல் ஒரே ராகம் கொடி போலப் படர்கிறது. கமகத்தை இடது கைக் கட்டையே கொடுத்துவிடும். அதற்குப் பெடல் வேண்டாம்.

ஆகவே கர்நாடக இசை வாசிக்க விரும்பும் பிள்ளைக்குக் கோட்டு வாத்தியமே முதல் தரம். அது கிடைக்காவிட்டால் மடியில் வைத்து வாசிக்கும் சாதாரண ஸ்லைடு கிட்டார் போதும். ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட் கிட்டாரையே மாற்றி, கூடுதல் தந்திகள் கட்டி, மோகன வீணை என்று பெயர் சூட்டி வாசித்தார். 1994-ல் கிராமி விருது அவரைத் தேடி வந்தது. மின்சார மாண்டலினைக் கர்நாடக மேடையில் உட்கார வைத்தார் யு. சீனிவாஸ். வாத்தியம் எந்த நாட்டில் பிறந்தது என்பது பெரிதல்ல. நம் ராகம் அதில் நிற்கிறதா என்பதுதான் பெரிது.

சினிமாப் பாட்டும் மேல்நாட்டுப் பாட்டும் வாசிக்கும் கோஷ்டி என்றால் பெடல் ஸ்டீல் வாங்கட்டும். அது வேறு சந்தை.

வாலைப் பிடிக்க வேண்டும்

வழுக்கு வாத்தியம் எதுவானாலும் ஒரு குணம் பொது. தந்தியை ஒரு முறை மீட்டியதும் ஒலி கிளம்புகிறது. பிறகு மெல்ல மெல்லத் தேய்கிறது. அந்தத் தேயும் பகுதியில்தான் கட்டை வழுக்குகிறது. அங்கேதான் கமகம் பிறக்கிறது. அதாவது, மீனுக்குச் சுவை நடுத்துண்டில் என்பார்கள். இந்த வாத்தியத்துக்குச் சுவை வாலில்!

அந்த மெல்லிய வால் கேட்க வேண்டுமானால் ஆம்பிளிஃபயருக்குக் கையிருப்பு பலம் வேண்டும். பலம் எதற்கு? கத்துவதற்கு அல்ல. மீட்டும் வேகத்தில் ஒலி உடையாமல் இருப்பதற்கு. இருநூறு மூட்டை ஏற்றக்கூடிய லாரியில் நூறு மூட்டை ஏற்றினால் மேட்டில் திணறாது அல்லவா? அதே கதைதான். பெடல் ஸ்டீல் வாசிப்பவர்கள் பெரிய ஆம்பிளிஃபயர்களைத் தேடுவதும் இதற்குத்தான். 1963-ல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் போன்றவை அவர்களுக்குப் பிடித்ததற்குக் காரணம், உரக்க வைத்தாலும் சுத்தமாக ஒலிப்பதுதான்.

இரண்டாவது, ஒலியை வாத்தியத்திலிருந்து எப்படி எடுப்பது? மூன்று வழிகள் உண்டு.

காந்தப் பிக்கப்: இரும்பு, எஃகுத் தந்தியின் அசைவைத்தான் அது உணரும். பித்தளை, வெண்கலத் தந்திக்கு அது செவிடு. கோட்டு வாத்தியத்தில் இரண்டு வகைத் தந்தியும் உண்டு. ஆகவே ஒரு தந்தி உரக்கவும் ஒரு தந்தி மெலிந்தும் கேட்கும்.

ஒட்டும் மைக்: மரத்தின் அதிர்வை எடுக்கும். ஊளை குறைவு. ஆனால் கட்டை உரசும் சத்தத்தையும், விரல் தட்டும் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். ஒட்டும் இடத்தை அரை அங்குலம் மாற்றினாலும் குரல் மாறும்.

முன்னால் நிறுத்தும் மைக்: இதுவே இயற்கைக்கு மிக அருகில். ஆனால் ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்கில் நுழைந்தால் "கூ" என்று ஊளையிடும். ஸ்பீக்கர்களை மேடைக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கிராம மேடைக்கு எது சிறந்தது? நல்ல ஒட்டும் மைக் ஒன்று, முன்னால் நிறுத்தும் மைக் ஒன்று. இரண்டையும் அளவாகக் கலக்க வேண்டும். பலம் ஒன்றிலிருந்தும், இனிமை மற்றொன்றிலிருந்தும் வரும்.

கடைமடைக் கணக்கு

இப்போது குழாய்க்கு வருவோம். கூம்புக் குழாய் அறிவிப்புச் சொல்லப் பிறந்தது. பேச்சுக் குரல் அதில் தூரம் போகும். ஆனால் அடித் தந்தியின் ஆழம் அதில் வராது. வீணை தகர டப்பா ஆகிவிடும். அகலமான ஸ்பீக்கர் அடங்கிய பெட்டிகளே இசைக்கு ஏற்றவை.

"அப்படியானால் பெரிய பெட்டியாக ரெண்டு வச்சு முழுசா திறந்துவிடுங்க தம்பி!" என்பார் கமிட்டிப் பெரியவர். அங்கேதான் தவறு.

பேராவூரணி விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை பாடு! தலைமடையில் மதகை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் வயல் மூழ்கும். கடைசி வயல் அப்போதும் காயும். வாய்க்கால் வெட்டி, அங்கங்கே மதகு வைத்துப் பிரித்தால்தான் எல்லா வயலும் நனையும்.

ஒலியும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. பெட்டியிலிருந்து 4 மீட்டரில் உட்கார்ந்தவருக்கு 88 டெசிபல் கேட்டால், 64 மீட்டரில் நிற்பவருக்கு 64 டெசிபல்தான். அவருக்கு 76 ஆக்க வேண்டுமென்றால் ஆம்பிளிஃபயரின் பலம் 16 மடங்கு வேண்டும். அப்போது முன்வரிசைக் குழந்தையின் காதில் 100 டெசிபல் மோதும்!

100 டெசிபல் என்றால் என்ன? தொழிலாளர்களின் காதைக் காப்பதற்காக அமெரிக்க ஆய்வாளர்கள் பரிந்துரைத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம்! நம் பிள்ளைகளோ மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 10 வாட்டுக்குப் பதில் 20 வாட் வைத்தால் ஒலி இரு மடங்காகக் கேட்காது. 3 டெசிபல்தான் ஏறும். இரு மடங்கு என்று காது உணர, ஏறக்குறைய 100 வாட் வேண்டும். ஆகவே வாட்டைப் பெருக்குவது வீண் செலவு.

வழி என்ன? பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் சிறிய பெட்டி ஆறு. மேடை அருகே இரண்டு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு. ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசட்டும். பாட்டி உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்கும் கட்டையின் வழுக்கல் தெளிவாகக் கேட்கும்.

ஒரே ஒரு கவனம் வேண்டும். ஒலி 34 மீட்டர் நடக்கப் பத்தில் ஒரு விநாடி ஆகிறது. ஆனால் கம்பி வழியே உடனே போய்விடும். ஆகவே பின்பெட்டி முந்திக்கொண்டு பேசும். எல்லாம் இரண்டு முறை கேட்கும். பின்பெட்டியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி இன்றைய கருவிகளில் இருக்கிறது. செட்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக, வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம்.

இது விழாவைக் கெடுக்கும் சட்டம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அது சரியல்ல. கைக்குழந்தை தூங்க வேண்டாமா? இருதய நோயாளி இளைப்பாற வேண்டாமா? விடிந்தால் பரீட்சை எழுதும் பிள்ளை படிக்க வேண்டாமா? பிள்ளையாருக்குக் காது பெரிது. கத்தித்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை!

செய்ய வேண்டியது

சித்திரைத் திருவிழாவுக்குப் பேராவூரணி நீலகண்டப் பிள்ளையார் கோவிலில் கூட்டம் அலைமோதும். சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ கோவில்கள். ஒவ்வொரு மண்டகப்படிக்காரரும் மனம் வைத்தால் போதும். பத்து நாள் விழாவில் ஒரே ஒரு மாலை மெல்லிசை வாத்தியத்துக்கு ஒதுக்கட்டும். கோட்டு வாத்தியமோ வீணையோ வரட்டும். அன்று குழாய்கள் வேண்டாம். சிறு பெட்டிகள் போதும். வாசிப்பவர் மதியமே வந்து, செட்காரரோடு உட்கார்ந்து, மைக்கை ஒத்திகை பார்க்கட்டும். கமிட்டியில் ஒருவர் கடைசி வரிசையில் போய் நின்று கேட்கட்டும்.

அடுத்த முறை மைக் செட் பேசும்போது, "எத்தனை குழாய்?" என்று கேட்க வேண்டாம். "கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்குமா? முதல் வரிசைக்குக் காது வலிக்காமல் இருக்குமா?" என்று கேளுங்கள்.

இரண்டுக்கும் "ஆம்" என்று சொல்பவரே நல்ல செட்காரர். அவருக்கே முன்பணம் கொடுங்கள்!