காய வெச்சா காலி!

மண் சாம்பிள்னு சொன்னதும் உங்க கை என்ன செய்யும்? பேப்பர்ல பரப்பி, நிழல்ல காய வெச்சு, தட்டிப் பொடியாக்கி, சல்லடையில சலிக்கும். காரீயம், காட்மியம் தேடுறவங்களுக்கு அது ஓ.கே. பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான்களைத் தேடுறீங்களா? சல்லடையை ஓரமா வைங்க, ப்ளீஸ்!

பென்சீன் 80 டிகிரி செல்சியஸ்ல கொதிக்கும். ட்ரைகுளோரோஎத்திலீன் 87-ல. ஆனா, பறந்து போக அவ்வளவு சூடெல்லாம் வேண்டாம். பெட்ரோல் பங்க்ல கையில சொட்டினது, கர்ச்சீப் எடுக்கிறதுக்குள்ள காணாமப் போகுதே... அதே கதைதான். மண்ணைக் கிளறக் கிளற கரைப்பான் எஸ்கேப். ஜி.சி. மெஷின் பாவம், உள்ளே வந்ததைத்தானே சொல்லும்? 'எதுவும் இல்லை'ன்னு சுத்தமா ஒரு ரிப்போர்ட் கொடுக்கும்.

அந்தப் பொய் 'இல்லை' எவ்வளவு ஆபத்து தெரியுமா? அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் ஊர்ல, 1979-ல ரெண்டு குடிநீர்க் கிணறுகளை மூடினாங்க. தண்ணியில ட்ரைகுளோரோஎத்திலீன்! மெஷின் பாகங்கள்ல கிரீஸ் நீக்கப் பயன்படுற சமாச்சாரம் அது. அந்த ஊர்க் குழந்தைகள் பலருக்கு ரத்தப் புற்றுநோய். மண்ணுல விழுந்தது மெள்ள மெள்ள இறங்கி நிலத்தடி நீருக்குப் போயிடும். மண்ணுல இருக்கும்போதே பிடிச்சாதான் உண்டு.

எப்படிப் பிடிக்கிறது? நுனி வெட்டின டிஸ்போசபிள் சிரிஞ்ச்சை மண்ணுல அழுத்தினா, சுமார் 5 கிராம் கட்டியா வந்துடும். மெத்தனால் ஊத்தி, முன்னாடியே எடை போட்டு வெச்ச குப்பிக்குள்ள உடனே தள்ளுங்க. கரைப்பான் மெத்தனால்ல கரைஞ்சு உள்ளேயே தங்கிடும். குப்பியோட மரையில ஒரு மண் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி சரியா அடைக்காது. துடைச்சுட்டு மூடுங்க. அப்புறம், மறுபடி எடை. நேரா ஐஸ் பெட்டி. 4 டிகிரி குளிர்ல 14 நாளுக்குள்ள சோதிச்சாகணும்.

ஈரப்பதம் பார்க்க மெத்தனால் இல்லாம தனியா கொஞ்சம் மண் எடுத்துக்கங்க. அதைத் தாராளமா காய வைக்கலாம்!

வெறும் மெத்தனால் மட்டும் இருக்கிற ஒரு குப்பியும் கூடவே டூர் வரட்டும். அதுலயும் பென்சீன் தெரிஞ்சா, குற்றவாளி மண் இல்லை. பக்கத்துல உறுமின பைக்கா இருக்கலாம்.

முக்கியமான விஷயம்... மெத்தனால் விஷம், சட்டுனு தீப்பிடிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாம ஹீரோயிசம் வேண்டாம் பாஸ்!

'எதுவும் இல்லை'ன்னு ரெக்கார்டுல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கங்க. நிஜமாவே இல்லையா, இல்லே, நாமதான் பறக்க விட்டுட்டோமா?