சாராய வரியும் மூன்றாண்டு மானியமும்

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், நாவலடி மணலில் நின்றுதான் ‘உளவளத்துணை’ என்ற சொல்லைப் பலர் வாயிலாகக் கேட்டேன். வெள்ளை வாகனங்கள் வந்தன. பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. செயற்றிட்டக் காலம் முடிந்ததும் வாகனங்கள் போயின, துயரம் போகவில்லை.

நன்கொடையாளரை நோவதற்கில்லை. அவர்கள் பணம், அவர்கள் காலக்கெடு. 2025இல் அமெரிக்கா யுஎஸ்எயிட் அமைப்பையே மூடிவிட்டதே! என் வழக்கு அரசின் மீது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நூறாண்டுக்கு மேலாகச் சாராயத்தில் வருவாய் காணும் அரசு, குடியின் நோயைத் தீர்க்க மட்டும் அந்நிய மானியத்தைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டே என்பர். உண்டு. ஆனால் குடிப்பவர் தாமாக அங்கே செல்வது அரிது. படுவான்கரையிலிருந்து கணவனை அழைத்துவரும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போய்விடும். பஸ் செலவு வேறு. வீடு தேடிச் செல்லும் பணியாளரே தேவை. அத்தகையோரைத்தான் செயற்றிட்டங்கள் அமர்த்தின, முடிந்ததும் அனுப்பின. மதுக்கடை உரிமமோ ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது.

2017இல் கல்குடாவில் மதுசாரத் தொழிற்சாலை எழுந்தபோது மக்கள் எதிர்த்தனர். செய்தி சேகரிக்கச் சென்ற எம் தொழிலினர் தாக்கப்பட்டனர். அந்த எதிர்ப்பில் மேடையேறிய அரசியல்வாதிகளைக் கேட்கிறேன்: மதுவரியில் ஒரு பங்கை இம்மாவட்டத்தின் உளநலப் பணிக்கென்று சட்டத்தால் ஒதுக்கினால் என்ன? ஊர்ப் பணியாளருக்கு நிரந்தர நியமனம் கொடுத்தால் என்ன? மட்டக்களப்பின் ஐந்து நாடாளுமன்ற உறுப்பினரும் அடுத்த வரவு செலவுத்திட்ட விவாதத்தில் எழுந்து இதைக் கேட்கட்டும்.