நெடுவழிக்கு ஒரு பழைய வண்டி

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று வன்னிப் பகுதியிலிருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதியது. இளைப்பாறிய அவருடைய தந்தையார் நெடுங்காலமாகப் பேணிவந்த டீசல் ஜீப் ஒன்று வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கின்றதாம். நான்கு சக்கரங்களையும் இயக்கவல்ல எந்த வண்டியையும் 'ஜீப்' என்றே நம்மவர் வழங்குவர். ஆதலால் அது எந்தக் கம்பனியின் வண்டி என்பது கடிதத்தின் நான்காம் பக்கம் வரை எமக்குத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலையைக் கண்ட தரகர்கள் இவர் வீட்டுப் படலையையும் தட்டியிருக்கின்றனர். விற்றுவிட்டால் மகளின் மேற்படிப்புக்கு உதவும் என்பது தாயாரின் எண்ணம். அதனை நெடும்பயண வண்டியாக மாற்றி, முதலில் இலங்கையைச் சுற்றி, பின்னர் இந்தியா, நேபாளம் எனச் செல்லவேண்டும் என்பது மகனின் ஆசை. தந்தையார் ஒன்றும் பேசுவதில்லையாம். கையிலுள்ள சேமிப்பு மிகச் சிறிது. 'எதில் முதலிற் செலவிடுவது?' என்பது அவர் வினா.

கடிதத்துடன் ஒரு பட்டியலும் இருந்தது. பெரிய ரயர்கள், கூரைமேற் கூடாரம், முன்புறம் இரும்புக் கவசமும் இழுவைப் பொறியும், எட்டு விளக்குகள், குளிர்சாதனப் பெட்டி. பட்டியலை இருமுறை படித்தோம். அதில் 'பிறேக்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

இத்தகைய வண்டிகளிலே உலகம் நன்கறிந்த ஒன்றைப் பற்றி இங்கு சொல்லவேண்டும். ஜேர்மனியரான குந்தர் ஹோல்டோர்ப் விமான நிறுவனங்களில் உயர்பதவி வகித்தவர். 1988இல் மேர்சிடிஸ் பென்ஸ் 300 ஜி.டி. என்னும் நீலநிற வண்டியொன்றை வாங்கினார். மூன்று லீற்றர் கொள்ளளவும் ஐந்து சிலிண்டர்களும் கொண்ட டீசல் எஞ்சின். அதன் வலு 88 குதிரைவலு மட்டுமே. இன்று கடைத்தெருவுக்குச் சென்றுவரும் சிறு கார்கள் பலவற்றின் வலு இதனிலும் அதிகம். 'ஒட்டோ' என்று பெயரிடப்பட்ட அவ்வண்டி 1989இல் ஆபிரிக்காவிற் பயணத்தைத் தொடங்கியது. 2014இல் பெர்லின் நகரில் அது நின்றபோது ஓடிமுடித்த தூரம் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கிலோமீற்றர். நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நாடுகளை அது கண்டது. இப்போது ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள மேர்சிடிஸ் பென்ஸ் அரும்பொருட்சாலையில் நிற்கின்றது.

அவ்வண்டியில் அவர் செய்த மாற்றங்கள் எவை? இளைஞர்கள் கேட்டால் ஏமாற்றமடைவர். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைத் தளம் அமைத்து மெத்தை விரித்தார். அதன் கீழே உதிரிப் பாகங்களும் உணவுப் பொருள்களும் பெட்டிகளிலே ஒழுங்காக அடுக்கப்பட்டன. சிறு அடுப்பிற் சமைத்தார்கள். வெப்பமான இடங்களில் வெளியே தூங்குமஞ்சம் கட்டிப் படுத்தார்கள். அவ்வளவே. வண்டியில் மின்னணுக் கருவிகளின் ஆட்சி இல்லாமையே தமக்கு வாய்த்த நற்பேறு என்று அவர் கருதினார். பழுதானவற்றுள் பெரும்பாலானவற்றைத் தம் கையாலேயே திருத்தினார். பயணங்களிற் பெரும்பகுதிக்குத் துணையாயிருந்த கிறிஸ்ரீன் அம்மையார் 2010இல் புற்றுநோயினால் இறந்தார். பயணத்தைத் தொடரும்படி அவர் கேட்டுக்கொண்டமையால், ஹோல்டோர்ப் மேலும் நான்காண்டு ஓடினார். அவரும் 2021இல் மறைந்தார்.

88 குதிரைவலுவைக் கொண்டு உலகைச் சுற்றலாமாயின், நம் மாணவரின் எஞ்சினுக்கு வலு சேர்க்கும் எண்ணத்தை முதலிற் கைவிடலாம். சிந்திக்க வேண்டியது நிறை பற்றியே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் சேர்ந்து 150 கிலோ. அறுபது லீற்றர் தண்ணீர் 60 கிலோ. டீசல் லீற்றருக்கு ஏறத்தாழ 840 கிராம். இருபது லீற்றர் பிடிக்கும் இரண்டு கேன்களில் நிரப்பினால், கேன்களின் நிறையையும் கூட்டி 42 கிலோ. கூரைத் தட்டு 40. அதன்மேற் கூடாரம் 60. இரண்டாவது உதிரி ரயர் 30; இரண்டாவது பற்றரி 25; குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் பொருளோடு 35. கருவிகளும் உதிரிப் பாகங்களும் 60. படுக்கை, பாத்திரம், உடைகள் 80. முன்கவசமும் இழுவைப் பொறியும் 100. கூட்டினால் 682 கிலோ. இவை எமது மதிப்பீடுகள்; பொருளுக்குப் பொருள் சிறிது கூடும், குறையும். ஆனால் அறுநூறு கிலோ மட்டுமே சுமக்கலாம் என்று கம்பனியார் விதித்த வண்டியாயின், புறப்படுமுன்பே எல்லை கடந்துவிட்டது. இன்னும் அரிசி மூட்டை ஏறவில்லை.

இதன் பொருள் என்னவென்பதை நாம் நூலிற் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் பழைய டீசல் வண்டியில் இரு குடும்பங்களாக மலைநாடு சென்றோம். கூரையிலே பாய், பாத்திரம், தண்ணீர்க் கலன், குழந்தைகளின் மிதிவண்டி ஒன்று. புறப்படுமுன் கராஜ் ஒன்றிற் பிறேக் பார்க்கப்பட்டதாகச் சொன்னார்கள், சிட்டையும் தந்தார்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் நண்பர் மேல்கியரிலே வண்டியை ஓடவிட்டு, பிறேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே வந்தார். ஏதோ கருகும் நாற்றம் எழுந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் மணம் என்று நாமே சொன்னோம். அடுத்த வளைவில் மிதி தரைவரை இறங்கியது. நண்பரின் மனைவியார் பின்னாலிருந்த குழந்தைகளை அணைத்துக்கொண்டதை இன்றும் மறக்கமுடியவில்லை. நண்பர் எப்படியோ இரண்டாம் கியருக்கு மாற்றி, வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் உராயவிட்டு நிறுத்தினார். மறுபக்கம் பள்ளத்தாக்கு. எவருக்கும் காயமில்லை, கூரையிலிருந்த மிதிவண்டி மட்டும் பாதையிற் கிடந்தது.

காரணம் பின்னரே விளங்கியது. பிறேக்கின் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. நிறை எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவு வெப்பமும் கூடும். பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது; ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை தாழும். கொதித்தெழும் ஆவி குமிழிகளாகக் குழாயில் நிற்க, கால் மிதிப்பது குமிழிகளை நசுக்குவதோடு முடிந்துவிடும். விசை சக்கரத்தைச் சேராது. இரண்டாண்டுக்கொருமுறை அவ்வெண்ணெயை முற்றாக மாற்றியிருந்தாலும், இறக்கத்தில் தாழ்கியரிலே எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடித்திருந்தாலும் அன்றைய நாள் ஒரு சாதாரணச் சுற்றுலா நாளாகவே முடிந்திருக்கும்.

ஆகவே மாணவரின் முதற் செலவு பிறேக்கிற்கே. குழாய்கள், எண்ணெய், தேய்ந்த பட்டைகள் யாவும் புதிதாகட்டும். அடுத்தது குளிரூட்டும் ஏற்பாடு: றேடியேற்றரைக் கழற்றித் துப்புரவு செய்தல், றப்பர் குழாய்களை மாற்றுதல், தண்ணீர்ப் பம்பைப் பார்த்தல். அதன்பின் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும். பழைய ஸ்பிரிங்குகள் சுமந்து சுமந்து தொய்ந்திருக்கும். அவற்றிற்கு மேல் உயரத்துக்காகவே கட்டைகள் வைத்துத் தூக்குவது சிலருக்கு விருப்பம். உயர்ந்து நிற்கும் வண்டி படத்துக்கு அழகு. வளைவிலே கவிழ்வதற்கும் அதுவே சுலபம். பெரிய ரயரைப் பற்றியும் எமக்கு அதே அபிப்பிராயந்தான். கம்பனியார் குறித்த அளவிலே நல்ல ரயர் ஐந்து வாங்குங்கள். மணலிற் புதையும்போது காற்றை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தால் ரயர் நீண்டு பரந்து மணல்மேல் மிதக்கும். கல்வீதி ஏறியதும் மறவாது மீண்டும் அடிக்கவேண்டும். அதற்கு ஒரு சிறு காற்றுப் பம்பும் அளவுமானியும் போதும். இழுவைப் பொறியின் விலையில் இவை பத்தில் ஒரு பங்குகூட ஆகா.

பழைய டீசல் எஞ்சினின் பெருமையை இவ்விடத்திற் சொல்லாவிட்டால் குறையாகும். லாண்ட் றோவர் வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் முதன்முதல் வந்தது 1957இல். அக்காலந்தொட்டு வந்த எஞ்சின்களிலே எரிபொருளைப் பங்கிட்டுச் செலுத்துவது முழுக்க முழுக்க ஓர் இயந்திரப் பம்பு, கணினி இல்லை. தீப்பொறி பிளக்கும் இல்லை. காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் எழும் வெப்பத்திலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றினால் இன்றைய புதிய எஞ்சின்களின் புகைவடிகள் பழுதாகும். பழைய எஞ்சினோ அதனைக் குடித்துவிட்டு ஓடும். ஆனால் அதற்கு ஒவ்வாதவை இரண்டு: தண்ணீரும் காற்றும். தண்ணீர் கலந்த டீசல் பம்பையும் நொசில்களையும் அரித்துவிடும். ஆதலால் தண்ணீரைப் பிரிக்கும் வடியொன்றைப் பொருத்தி, அதன் அடியிலுள்ள திருகை வாரந்தோறும் திறந்து வடியவிடவேண்டும். எரிபொருட் குழாயிற் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். திருகுகளைத் தளர்த்திக் கைப்பம்பினால் அக்காற்றை வெளியேற்றும் வித்தையைத் தந்தையாரிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அவர் பேசாதிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருகாணியைக் கையிற் கொடுத்தாற் பேசுவார் என்று நினைக்கின்றோம்.

நீரைக் கடப்பது பற்றியும் கேட்டிருக்கிறார். காற்று உறிஞ்சும் வாயைக் கூரைவரை உயர்த்தும் குழாய் நல்லதே. வெள்ளத்திலும் பார்க்கப் புழுதியில் அதன் பயன் பெரிது, ஏனெனில் உயரத்திலே தூசி குறைவு. நீர் எஞ்சினுட் புகுந்தாலோ, அது காற்றைப்போல நெருங்காது. உள்ளிருக்கும் தண்டே வளையும். எவரும் கவனியாத இன்னொன்றும் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சுப்பெட்டி குளிர்ந்த ஆற்றில் அமிழ்ந்ததும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுத்துளை வழியாக ஆற்றுநீரை இழுத்துக்கொள்ளும். சில நாட்களில் உள்ளே உள்ள எண்ணெய் பாற்கோப்பி நிறமாகிவிடும். அம்மூச்சுத்துளைக்கு ஒரு சிறு குழாயை மாட்டி மேலே கொண்டுவந்து கட்டிவிட்டால் தீர்ந்தது. செலவு சில நூறு ரூபாய்.

நேபாளத்துக் கணவாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயாயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதியளவே. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் அங்கே கரும்புகை கக்கும், மூச்சு வாங்கும், அது பழுதன்று. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடியை அடைக்கும். ஹீற்றர் பிளக்குகள் நல்ல நிலையில் இருக்கவேண்டும். உயர்நெருக்க எஞ்சினைச் சுழற்றப் பற்றரியின் முழு வலுவும் தேவைப்படுவதால், குளிர்சாதனப் பெட்டிக்கு வேறு பற்றரி வைத்து இரண்டையும் பிரித்துவிடுவது கட்டாயம்; இன்றேல் மலையுச்சியிலே மோர் குளிர்ந்திருக்கும், வண்டி எழும்பாது.

நாம் தீவினர் என்பதும் நினைவிருக்கட்டும். 2023இல் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற் சேவை ஆட்களை ஏற்றவே ஏற்பட்டது. எனவே நமது தரைவழிப் பயணம் எதுவும் கொழும்புத் துறைமுகத்திலே பெட்டகமொன்றினுள் வண்டியைப் பூட்டுவதிலேதான் தொடங்கும். கூரையில் எதை ஏற்றினாலும் அது பெட்டகத்தின் வாயிலில் நுழையவேண்டும். ஒட்டோவும் கடல்களை அவ்வாறே கடந்தது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கு உறுதியாகக் 'கார்னே' எனப்படும் சுங்கப் பத்திரம் வேண்டும். அதற்குக் கட்டவேண்டிய பிணைத்தொகை சிறிதன்று. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எது அனுமதிக்கப்படும் என்று கேட்டறிவதும் நன்று.

விற்பதா, வைத்திருப்பதா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் ஒருப்படோம். தங்கையின் படிப்பு காத்திருக்காது என்று தாயார் சொல்வது உண்மை. ஆனால் மேற்சொன்ன முதல் மூன்று வேலைகளும் வண்டியை விற்றாலும் வீண்போகாதவை. நல்ல பிறேக்கோடு நிற்கும் வண்டிக்கு விலையும் கூடும், வாங்குபவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் அது நல்லது. கூடாரத்துக்கும் விளக்குகளுக்கும் கொட்டிய பணம் அப்படித் திரும்பாது.

தம்பி, பட்டியலை இப்போதைக்கு மேசை இழுப்பறையில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை தந்தையாரையும் தாயாரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு, டீசல் தொட்டியை நிரப்பி, லொறிகளை நிறுக்கும் தராசு உள்ள ஆலையொன்றுக்குச் செல்லுங்கள். வண்டியை முதலில் முழுதாகவும், பின்னர் முன்சக்கரம் வேறு பின்சக்கரம் வேறாகவும் நிறுத்து, சிட்டையை எமக்கு அனுப்புங்கள். எஞ்சிய இடம் எத்தனை கிலோ என்று தெரிந்தபின் அதில் எதை வைக்கலாம் என்பதை வேறொரு வாரம் பார்ப்போம்.