ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!

ஆடி பிறந்தால் போதும், ஊரில் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடை வாசலில் எல்லாம் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். "பழைய மிக்சியைக் கொண்டு வாருங்கள்! எந்தக் கண்டிஷனில் இருந்தாலும் 1,000 ரூபாய்!" ஆடி போனால் தீபாவளி, தீபாவளி போனால் பொங்கல். நம்ம ஜனங்களும் பரண் மேல் ஏறி, தூசி தட்டி, கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும் பாருங்கள், ஏதோ கடைக்காரரையே ஏமாற்றிவிட்டு வந்த மாதிரி.

மக்களே, ஏமாந்தது யார் என்று கொஞ்சம் யோசிப்போமா?

அந்த வாசகத்தையே மறுபடி படியுங்கள். "எந்தக் கண்டிஷனில் இருந்தாலும்." ஓடுகிற மிக்சிக்கும் 1,000, மோட்டார் கருகி ஐந்து வருடமான மிக்சிக்கும் 1,000. அப்படியென்றால் அந்த ஆயிரம் உங்கள் மிக்சிக்கான விலையே இல்லை. புது மிக்சியின் விலையில் முதலிலேயே ஏற்றி வைத்ததை எடுத்து உங்களிடமே நீட்டுகிறார்கள். கருகினதைக் கொண்டு போனவருக்கு லாபம். ஓடுவதைக் கொண்டு போனவர் அதைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறார். பழசே இல்லாமல் போகிறவர்தான் பாவம், முழு விலையும் அவர் தலையில்.

இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. பி.காம். படிக்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பேப்பரில் வருவதுதான் (பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் புத்தகத்தைத் திறக்கிற நண்பர்கள் மன்னிக்கவும்). 2017-ஆம் வருட மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27-வது விதியைப் பாருங்கள். அதில் சட்டம் எழுதியவர்களே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். பழைய போனை வாங்கிக்கொண்டு புது போனை 20,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார் கடைக்காரர். பழசு இல்லாமல் அதே போன் 24,000. அப்படியானால் புது போனின் மதிப்பு என்ன? 24,000 என்கிறது விதி. வரியும் அந்த மதிப்புக்குத்தான்.

அதாவது, சட்டத்தின் கண்ணில் அந்த 4,000 தள்ளுபடி அல்ல. நீங்கள் காசுக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அந்த நிமிடம் நீங்கள் வாடிக்கையாளர் மட்டும் இல்லை, வியாபாரியும்கூட. ஆனால் விலை என்ன என்று வாயைத் திறந்து கேட்காமல், எதிராளி சொன்ன விலைக்கு, அதுவும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வருகிற வியாபாரியை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

தெருவில் "பழைய இரும்பு, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்ம்" என்று கூவிக்கொண்டு போவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவரைப் பார்த்துச் சிரித்த நாம்தான் ஏசி ஷோரூமில் போய் அதே பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம். அவராவது நம் கண்முன்னால் தராசைத் தூக்கிப் பிடித்தார். எக்ஸ்சேஞ்சில் போன நல்ல மிக்சி, துடைத்து, ஜார் மாற்றி, செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போகும். ஓடாததை உடைத்து மோட்டாரில் இருக்கிற செம்பைத் தனியாக எடுப்பார்கள். யாரும் தூக்கி எறிவதில்லை. அதற்கு ஒரு மார்க்கெட் இருக்கிறது, அங்கே நாம் போவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் போவதில்லை? கௌரவம் ஐயா, கௌரவம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். பக்கத்து வீட்டு கராஜ் சேலில் 20 டாலருக்கு வாங்கிய சோபாவை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். "சூப்பர் டீல்!" என்று சித்தி பெரியம்மா எல்லாரும் கட்டை விரலைத் தூக்குவார்கள். அதே அண்ணன் மதுரைக்கு வந்திருந்தபோது, வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினை விற்கலாமா என்று அத்தை கேட்டதற்கு, "நாலு பேர் என்ன நினைப்பாங்க? கஷ்டத்துல இருக்கோம்னு நினைக்க மாட்டாங்களா?" என்றார். டாலரில் விற்றால் டீல், ரூபாயில் விற்றால் கஷ்டமா?

அந்த ஊரில் 127-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் யார்டு சேல் நடக்கிறது. 1987-ல் தொடங்கியது. இன்று மிச்சிகனிலிருந்து அலபாமா வரை சுமார் 690 மைல், வழி நெடுக வீட்டு வாசலில் மேஜை போட்டுப் பழைய பொருளை விற்கிறார்கள். அவர்களுக்கு வாசலில் புல்வெளி இருக்கிறது, நமக்கு வாசலில் சாக்கடை மூடிதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அபார்ட்மெண்டுக்கு அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங் இருக்கிறதே? அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு மேஜை போடக் கேட்டால், அசோசியேஷன் செக்ரட்டரி சார் "பில்டிங் ஸ்டேண்டர்டு போயிடும்" என்பார். அதே பார்க்கிங்கில் யாரோ விட்டுப்போன மூன்று சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கும். அது ஸ்டேண்டர்டு!

"விற்க மாட்டோம், இல்லாதவங்களுக்குக் கொடுத்துடுவோம்" என்று சொல்லும் புண்ணியவான்களிடம் ஒரு கேள்வி. நல்லா இருக்கும்போதே கொடுக்கிறீர்களா? வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கைக்குப் போகிற குக்கருக்கு கேஸ்கட் இருக்காது, மிக்சிக்கு மூடி இருக்காது. ரிப்பேர் செலவு அவர் தலையில், தானம் செய்த பெயர் நமக்கு. 300 ரூபாய்க்கு விற்றால், வாங்குகிறவர் "ஓட்டிக் காட்டுங்கம்மா" என்று கேட்பார். தானத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

இன்னொரு வியாதியும் நம்மிடம் இருக்கிறது. விலை சொல்லத் தெரியாது. "14,000 போட்டு வாங்கினது, 10,000-க்குக் குறைஞ்சு கொடுக்க மாட்டேன்" என்று அப்பாக்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். இது நம்ம ஊர் அப்பாக்களுக்கு மட்டும் உள்ளது இல்லை. கானமன், நெட்ச், தாலர் என்ற மூன்று பேர் காப்பி கோப்பைகளை வைத்து ஒரு சோதனை செய்து 1990-ல் கட்டுரை எழுதினார்கள். கையில் கோப்பை கிடைத்தவர்கள், இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்களாம். கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது! பத்து வருட ஃபிரிட்ஜ் என்றால் கேட்கவே வேண்டாம். போட்ட காசு போனது போனதுதான். இன்றைக்கு வாங்குகிறவர் என்ன கொடுப்பார் என்பதுதான் விலை. 10,000 கேட்டு உட்கார்ந்திருந்தால் மூன்று வருடம் கழித்து காயலான் கடைக்காரர் எடை போட்டுத்தான் எடுப்பார்.

வாங்குகிறவருக்கும் பயம் உண்டு, நியாயமான பயம். பொருளில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத்தான் தெரியும். ஆகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதியது இதைத்தான், 2001-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். நமக்கு நோபல் வேண்டாம், கோளாறை நாமே முதலில் சொல்லிவிட்டால் போதும். பில் இருந்தால் காட்டுங்கள். பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். போன் என்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தால், "நான் மிலிட்டரியில இருக்கேன், க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க பணம் வரும்" என்று ஒருவர் கட்டாயம் பேசுவார். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. போனை வைத்துவிடுங்கள். வரி வருமோ என்று நடுங்குகிறவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் மூலதன ஆதாய வரிக்குள் வராது. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை வேறு கதை.

கடைசியாக நம்ம ஹாஸ்டல். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஃபைனல் இயர் அண்ணன்கள் கிளம்பும்போது வராந்தாவில் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கெட், மெத்தை, டேபிள் ஃபேன், எமர்ஜென்சி லைட். 450 ரூபாய் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் கிலோ 12 ரூபாய்க்குத் தராசில் ஏறுகிறது. இரண்டே மாதத்தில் முதல் வருடப் பையன் ஒருவன், கட்டட வேலைக்குப் போகிற அப்பாவோடு வந்து, இதே சாமான்களைக் கடைத்தெருவில் புதுசாக வாங்குகிறான். அந்தக் காசு அந்த அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட காஸ்ட் அக்கவுண்டிங் தேவையில்லை.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மெஸ் ஹாலைக் கேட்டிருக்கிறேன். வார்டன் சார் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். ஜூனியர்களுக்கு முதல் உரிமை, வராத ஜூனியர்களுக்காக மிச்சத்தை ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்து ஜூனில் விற்கலாம். ஒவ்வொரு பொருளிலும் விலையும் கோளாறும் எழுதி ஒட்ட வேண்டும், அது மட்டும்தான் கண்டிஷன்.

பி.கு: முதல் சரக்கு என்னுடையது. டேபிள் ஃபேன் ஒன்று, 400 ரூபாய். மூன்றாம் நம்பர் ஸ்பீடு வேலை செய்யாது, தலையைத் திருப்பும்போது லேசாக முனகும். பேரம் உண்டு. பேரீச்சம்பழம் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது :)